1968 எஃப்.சி.-150 சரக்கு வண்டி: கியர் பாக்ஸை இறக்காமல் டிரான்ஸ்பர் கேஸை மட்டும் கழற்ற முடியுமா?

அஞ்செட்டி ராகிக்காடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் இடையில் எங்கள் நிலம் இருக்கிறது. என் தாத்தா வாங்கி ஓட்டிய மகிந்திரா எஃப்.சி.-150 வண்டியை அங்கே நான் இன்றும் பயன்படுத்தி வருகிறேன். பதிவுப் புத்தகத்தில் 1968 என்று இருக்கிறது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் எஞ்சினை வைத்திருக்கும் மூக்கில்லாத வண்டி அது. பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். அலங்காரமாக நிறுத்தி வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ராகி அறுவடைக் காலத்தில் ஓடை மணலைத் தாண்டி மூட்டைகளைத் தார்ச்சாலை வரை கொண்டுவர வேறு எந்த வண்டியும் எங்களுக்குப் பயன்படுவதில்லை.

இப்போதுள்ள தொல்லைகளில் பெரியது எண்ணெய்க் கசிவு. வண்டியை ஓர் இரவு நிறுத்தினால் கியர் பாக்ஸும், விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் தேங்குகிறது. அதோடு, எஞ்சின் ஓடும்போது மூடியின் பக்கவாட்டிலிருந்து டிக் டிக் என்று ஓர் ஒலி வருகிறது. வண்டி ஏற்றத்தில் இழுக்கும்போது அது கூடுகிறது. பிரேக் மிதியை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மெல்லக் கீழே இறங்குகிறது என்பது மூன்றாவது. என் வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தளத்தகட்டுக்கு அடியில், சட்டத்தோடு சட்டமாக ஒட்டியிருக்கிறது. மேலிருந்தும் கை போகவில்லை, கீழிருந்தும் கை போகவில்லை.

நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் காட்டியபோது, சரக்குத் தொட்டியைத் தூக்கி எடுத்து, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாக வெளியே எடுத்தால்தான் எதையும் தொட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு வேலை செய்தால் இந்தப் பருவத்துக்கு வண்டி திரும்பாது என்று அஞ்சுகிறேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பின்னாலுள்ள கேஸ் மட்டும் தனியாகக் கழலும்படி போல்ட்டுகள் தெரிகின்றன. இடத்திலேயே வைத்து எந்த அளவுக்கு வேலை செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாலக்கோடு பழைய மெக்கானிக்:

தம்பி, டிரான்ஸ்பர் கேஸை மட்டும் தனியாகக் கழற்றலாம். உங்கள் வண்டியின் அடிப்பாகங்கள் அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்பின் உறவுதான்: எஃப்-134 எஞ்சின், டி-90 என்னும் மூன்று வேகக் கியர் பாக்ஸ், அதன் முதுகில் நேரடியாகப் பூட்டிய ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேஸ். ஜீப்பில் தளத்தகட்டைக் கழற்றினால் இவை மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். உங்கள் வண்டியில் ஓட்டுநர் கூண்டின் பின்சுவரும் சரக்குத் தொட்டியும் மேலே வந்து மறைத்துவிடுகின்றன. அதனால்தான் இதை எட்டாத வேலை என்கிறார்கள். பாகம் அதேதான், வழிதான் வேறு.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு அந்தப் பகுதி முழுவதையும் இரும்பு தெரியும்வரை கழுவுங்கள். உலர்ந்த பிறகு சிறிது தூரம் ஓட்டிவிட்டு, வெள்ளைத் துணியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பாருங்கள். பின் யோக்கின் (பிராப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் கவை) ஆயில் சீல், முன் யோக்கின் ஆயில் சீல், கேஸின் பின்புறத்தில் இடைத்தண்டைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டுத்தகடு, இரண்டு பெட்டிகளும் சேரும் பேக்கிங், கியர் கம்புகள் நுழையும் துளைகள் என்று ஐந்தாறு இடங்கள் உண்டு. காற்றும் அதிர்வும் எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும் என்பதால், சொட்டும் இடத்தை வைத்துக் கசியும் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது. யோக் சீல்களுக்கும் பூட்டுத்தகட்டுக்கும் கேஸை இறக்கவே வேண்டியதில்லை. பிராப்பெல்லர் ஷாஃப்ட்டை அவிழ்த்து, யோக்கின் நட்டைக் கழற்றினால் சீலை அங்கேயே மாற்றிவிடலாம்.

அடுத்து, இரண்டு பெட்டிகளின் எண்ணெய் மட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். கியர் பாக்ஸின் மட்டத் திருகைத் திறந்ததும் எண்ணெய் கொட்டி, டிரான்ஸ்பர் கேஸில் விரலுக்கு எண்ணெய் எட்டவில்லை என்றால், உள்ளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் போகிறது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே நிற்பது கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டின் பின் பேரிங். பழைய அமைப்பில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. பேரிங் தேய்ந்தாலோ, மூச்சுத்துளை மண்ணால் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினாலோ எண்ணெய் இடம் மாறும். அப்படி நிரம்பி வழியும் கியர் பாக்ஸ் முன்பக்கமாகவும் எண்ணெயைத் தள்ளிக் கிளட்சை நனைத்துவிடும். எனவே பெல் ஹவுசிங்கின் அடியிலுள்ள சிறு துளையையும் தொட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் முறையைச் சொல்கிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த வகை வண்டியில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்க டிரம்மைப் பிடிக்கிறது. நீங்கள் பின் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டை அவிழ்த்த அந்தக் கணமே கைபிரேக்கும் போயிற்று, கியரில் போட்டு நிறுத்துவதும் போயிற்று. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் இரு பக்கமும் கட்டை கொடுத்து, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகள் வைத்த பிறகே உள்ளே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

இரண்டு எண்ணெய்களையும் வடித்துவிட்டு, முன் பின் ஷாஃப்ட்டுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கைபிரேக் இணைப்பு, கியர் கம்புகள் ஆகியவற்றைப் பிரியுங்கள். சட்டத்தின் குறுக்குத் துண்டான கிராஸ் மெம்பர் மீது எந்தப் பெட்டியின் எடை நிற்கிறது என்று பார்த்து, பெல் ஹவுசிங்குக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராக இருக்கும் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு கோட்டை நட்டும் காட்டர் பின்னும் தெரியும். அவற்றை எடுத்தால் மெயின் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள பல்சக்கரம் பின்னோக்கி உருவி வந்துவிடும். எஞ்சினை இறக்காமல் கேஸைப் பிரிக்க முடிவது இந்த ஒரு மூடியால்தான். இதை அறியாதவர்கள் எல்லாப் போல்ட்டுகளையும் கழற்றிவிட்டுக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருப்பார்கள்.

நெம்பும்போது வரும் கேடு பெரியது. கேஸ் பின்னால் நகரும்போது மெயின் ஷாஃப்ட்டும் கூடவே நகர்ந்தால், அதன் முன்முனையைத் தாங்கும் சிறு உருளைகள் கியர் பாக்ஸுக்குள் உதிர்ந்துவிடும். அப்புறம் கியர் பாக்ஸையும் இறக்கியே தீர வேண்டும். இதற்குப் பழைய கையேடுகளிலேயே ஒரு வழி உண்டு. கியர் பாக்ஸின் மேல்மூடியைத் திறந்து, இரண்டாம் கியர் சக்கரத்துக்குப் பின்னால் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றி உறுதியான கம்பி ஒன்றை வளைத்து, அதை முன்பக்கம் இழுத்து மூடியின் திருகு ஒன்றில் முறுக்கிக் கட்டிவிட வேண்டும். உங்கள் வண்டியில் அந்த மேல்மூடியை எட்டுவதுதான் கடினமான பகுதி. எஞ்சின் மூடியையும் அதற்குப் பின்னுள்ள தகடுகளையும் எடுத்துவிட்டு, கை எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அங்கே கை போனால் வேலை முடிந்த மாதிரி. போகாவிட்டால் மட்டுமே தொட்டியைத் தூக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஓசூர் லேத்:

ஐயா சொன்ன முறையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கருவிகளைப் பற்றியும் மரைகளைப் பற்றியும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பட்டறைக்கு வரும் பழைய ஜீப் பாகங்களில் பெரும்பாலானவை தேய்ந்து வருவதில்லை, தவறான ஸ்பேனரால் கெட்டு வருகின்றன.

இந்த வண்டி முழுவதும் அங்குல அளவு. நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பவை மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19 அங்கே ஏறக்குறையச் சரியாக உட்காரும். 1/2 அங்குலம் 12.7 ஆகிறது, 13 போட்டால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இறுகாத போல்ட்டுக்குப் பரவாயில்லை. 9/16 அங்குலம் 14.29 என்பதுதான் வம்பு: 14 ஏறாது, 15 சுற்றும். எட்டாத இடத்தில், கண்ணால் பார்க்காமல், ஐம்பது ஆண்டுத் துரு பிடித்த போல்ட்டில் 15 ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் மூலைகள் மழுங்கி, அந்தப் போல்ட் அங்கேயே குடியிருந்துவிடும். ஒரு நல்ல அங்குல ரிங் ஸ்பேனர் செட் வாங்குவதைச் செலவாக நினைக்காதீர்கள். அதோடு மலிவான ஸ்பேனர் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைத்தால், தேவைப்படும் கோணத்துக்கு அவற்றைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தோ, பாதியாக வெட்டிக் கம்பி பற்றவைத்தோ உங்கள் வண்டிக்கென்று தனிக் கருவி செய்துகொள்ளலாம். பழைய மேஸ்திரிகள் எல்லோரிடமும் அப்படி வளைத்த ஸ்பேனர்கள் ஒரு கோணிப்பை நிறைய இருக்கும்.

மரை பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிக்காதீர்கள். 3/8 அங்குலக் கரட்டு மரையில் ஓர் அங்குலத்துக்கு 16 சுற்று. 10 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் வார்ப்பிரும்பை வெட்டிக்கொண்டு ஏறும். ஸ்பிரிங் போன்ற மரைச்செருகு வைத்து அதே அளவுக்கு மீட்டெடுப்பதே முறை.

கேஸைப் பிரித்த பிறகு இடைத்தண்டை வெளியே எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள ஊசி பேரிங்குகள் உதிரும். திரும்பக் கோப்பதற்கு ஒரு போலித் தண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் தண்டைவிட ஒரு மயிரிழை குறைந்த விட்டத்திலும், பல்சக்கரமும் இரு பக்க வாஷர்களும் சேர்ந்த நீளத்திலும் அது இருக்க வேண்டும். மேசை மீதே ஊசிகளைக் கிரீஸ் தடவிப் போலித் தண்டைச் சுற்றி அடுக்கி, மொத்தத்தையும் கேஸுக்குள் வைத்து, உண்மைத் தண்டைத் தட்ட போலித் தண்டு மறுபக்கம் வெளியேறும். எந்த லேத்திலும் இது சிறு வேலை. ஆனால் ஆண்டைப் பொறுத்து இடைத்தண்டின் தடிமன் மாறும். 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று அளவுகள் உண்டு. அளந்து பார்க்காமல் மாற்றுப் பாகங்கள் அடங்கிய கிட் வாங்க பெங்களூரு ஜே.சி. சாலைக்குப் பேருந்து ஏறிவிடாதீர்கள்.

யோக்கில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புதிய சீல் போட்டும் பயனில்லை. மெல்லிய எஃகு உறை ஏற்றலாம், அல்லது சீலைச் சற்று உள்ளோ வெளியோ தள்ளி உட்காரவைத்துப் பள்ளமில்லாத இடத்தில் உரசும்படி செய்யலாம். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வெளிவரும் பின் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள், அதாவது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்மூடிக்கு அடியில் பழைய ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இருக்கும். எண்ணெய் ஒட்டியதால் இரண்டு ஷிம்கள் ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதால், கழுவிப் பிரித்து, எண்ணி, கட்டிவையுங்கள்.

கிருஷ்ணகிரி லாரி:

மற்றவர்கள் சொல்வதை மதிக்கிறேன், இருந்தாலும் நான் வேறு விதமாகச் சிந்திக்கிறேன். ஒரு வண்டியின் அடியில் அவ்வளவு தூரம் நுழைந்து ஷாஃப்ட், கேபிள், கிராஸ் மெம்பர் எல்லாவற்றையும் அவிழ்த்த பிறகு, கியர் பாக்ஸையும் சேர்த்து இறக்குவதற்குக் கூடுதலாக ஆவது கொஞ்ச நேரம்தான். கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸின் முன் பேரிங் ஆகிய எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி படுக்க வேண்டியதில்லை. கிரானைட் குவாரிகளில் ஓடும் வண்டிகளுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். பாகத்தின் விலையைவிட அந்தப் பாகத்தை எட்டுவதற்கான கூலிதான் எப்போதும் அதிகம்.

பாலக்கோடு பழைய மெக்கானிக்:

கிருஷ்ணகிரி நண்பர் சொல்லும் கணக்கு, உதிரி பாகம் மறுநாளே கிடைக்கும் வண்டிக்குப் பொருந்தும். இந்த வண்டிக்கு ஒரு பேக்கிங் கிடைக்காமல் மாதக்கணக்கில் கட்டை மீது நிற்பவற்றைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு பாகங்களைத் தேட வேண்டிவரும். அதோடு பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை உங்கள் வண்டியில் எட்டுவது டிரான்ஸ்பர் கேஸைவிடக் கடினம்; அதைக் "கொஞ்ச நேரம்" என்று எழுதியவர் இந்த வகைக் கூண்டுக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று கழற்றாமலே அறியலாம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் வேகம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் தட்டு நழுவுகிறது. பெல் ஹவுசிங் துளையில் எண்ணெய் இருந்தால் அதை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் எண்ணெய். கருத்து, நீர்த்து, கருகிய மணம் வந்தால் எஞ்சினின் பின் சீல். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் நண்பர் சொன்னபடி எல்லாவற்றையும் இறக்குவதே சரி. இரண்டும் இல்லை என்றால் நல்ல கிளட்சைத் தொந்தரவு செய்யாதீர்கள். பழைய கிளட்ச் தட்டுகளிலும் பிரேக் ஷூக்களிலும் கல்நார் இருக்கும். திறக்க நேர்ந்தால் அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

காரிமங்கலம் ஜீப்:

என்னிடம் இருப்பது இதே எஞ்சின் பொருத்திய சி.ஜே.-3பி ஜீப். டிக் டிக் ஒலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எஃப்-134 எஞ்சினின் அமைப்பு விசித்திரமானது. உள்ளிழுக்கும் வால்வுகள் ஹெட்டில் மேலே இருக்கின்றன. புகை வெளியேற்றும் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் கீழே இருக்கின்றன. மேலே உள்ளவற்றை ராக்கர் மூடியைத் திறந்து எளிதாகச் சரிசெய்யலாம். கீழே உள்ளவற்றைத் தள்ளும் டேப்பெட்டுகள், எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு பக்கத்தகட்டுக்குள் ஒளிந்திருப்பதால், பல பட்டறைகளில் மேல் வால்வுகளை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.018 அங்குலமும், வெளியேற்றும் வால்வுக்கு 0.016 அங்குலமும் இடைவெளி வேண்டும். வெளியேற்றும் வால்வில் இடைவெளி அதிகமானால் ஒலி வரும், அவ்வளவுதான். குறைந்தால்தான் ஆபத்து, வால்வு முழுதாக மூடாமல் எரிந்து போகும். ஆகவே ஒலி நிற்க வேண்டும் என்பதற்காக அளவைவிட இறுக்கிவிடாதீர்கள்.

ஆனால் உங்களுடையது டேப்பெட்தானா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டேப்பெட் ஒலி எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது; சுமை கூடுவதால் அது பெரிதாக மாறுவதில்லை. சுமையோடு கூடும் டிக் ஒலி பெரும்பாலும் மேனிஃபோல்ட் பேக்கிங் வழியாகப் புகை கசிவதுதான். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, ஒன்றரை முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். கசியும் இடத்தில் ஒலி காதைக் குத்தும். சூடானதும் ஒலி குறைந்தால் ஐயமே வேண்டாம், இரும்பு விரிந்து இடைவெளியை மூடுகிறது என்று பொருள். எஞ்சின் மூடி உங்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்தப் புகை கூண்டுக்குள் வரும் என்பதையும் மறக்காதீர்கள். சரிசெய்யும்வரை கண்ணாடிகளைத் திறந்து வைத்தே ஓட்டுங்கள்.

அஞ்செட்டி ராகிக்காடு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன். கியர் பாக்ஸின் மட்டத் திருகைத் தளர்த்தியதும் எண்ணெய் கொட்டியது. டிரான்ஸ்பர் கேஸில் விரலை வளைத்தும் எண்ணெய் தட்டுப்படவில்லை. மூச்சுத்துளை சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. ஓடையில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது இயல்புதான் போலிருக்கிறது. பெல் ஹவுசிங் துளை உலர்ந்திருக்கிறது, ஏற்றத்தில் கிளட்ச் நழுவவும் இல்லை. கழுவித் துடைத்து ஓட்டியபின் ஈரம் தெரிந்த இடங்கள் இரண்டு: பின் யோக்கும், இடைத்தண்டின் பூட்டுத்தகடும். பெட்டிகள் சேரும் இடம் உலர்ந்தே இருக்கிறது.

டிக் ஒலி எஞ்சின் சூடானதும் பாதியாகக் குறைகிறது. குழாய் வைத்துக் கேட்டதில் கடைசிச் சிலிண்டருக்கு அருகே, கூண்டின் பின்சுவரை ஒட்டிய மூலையில் கசிவு இருக்கிறது. அங்கே ஒரு நட் இருப்பதைக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிகிறது. அதைக் காய்ச்சிக் கழற்றலாமா?

ஓசூர் லேத்:

கூண்டுக்குள் வைத்து எரிவாயு வெல்டிங் சுடர் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, ஐம்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு அடியில் படிந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, எஞ்சினை மிதமாகச் சூடாக்கி நிறுத்துங்கள். மேனிஃபோல்ட் கை தாங்கும் அளவுக்கு ஆறியதும் துரு தளர்த்தும் எண்ணெயை நட்டின் அடியில் விடுங்கள். சில நாட்கள் காலையும் மாலையும் இதையே செய்யுங்கள். பிறகு அளவு சரியான ஆறுமுக சாக்கெட்டை நீண்ட கம்பியிலும் வளையும் மூட்டிலும் மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு, அப்புறம் தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். கடினமானால் நிறுத்தி, திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் ஸ்டட் முறியும்.

முறிந்தே போனாலும் பதறாதீர்கள். வெளியே ஒரு சிறு முனை நின்றால் அதன் மேல் பெரிய நட் ஒன்றை வைத்து உள்ளே பற்றவைத்தால், பற்றவைத்த வெப்பமே துருவைத் தளர்த்தி ஸ்டட்டைத் திருகிக் கொண்டுவந்துவிடும். ஆனால் அந்த வேலையை பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அகற்றி, ஈரக் கோணியும் தீயணைப்பானும் பக்கத்தில் வைத்து, ஆள் ஒருவரைத் துணைக்கு நிறுத்தியே செய்ய வேண்டும். மேனிஃபோல்ட் வெளியே வந்ததும் அதை எங்களைப் போன்ற ஒரு பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன்செய்து வாங்குங்கள். வளைந்த மேனிஃபோல்டுக்கு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசியும். இறுக்க இறுக்க மேனிஃபோல்டில் நட் பூட்டும் காது உடையும். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகள் போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

காரிமங்கலம் ஜீப்:

மேனிஃபோல்ட் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் டேப்பெட் பக்கத்தகட்டையும் திறந்து, வெளியேற்றும் வால்வுகளின் இடைவெளியைப் பார்த்துவிடுங்கள். அவ்வளவு வசதியான வழி மறுபடி கிடைக்காது. மெல்லிய டேப்பெட் ஸ்பேனர்கள் வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தடிமன் அங்கே நுழையாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையாலேயே சுழற்றலாம். எரியும் வரிசை 1-3-4-2.

பாலக்கோடு பழைய மெக்கானிக்:

தம்பி, நீங்கள் கண்டுபிடித்து எழுதியதைப் பார்த்தால் டிரான்ஸ்பர் கேஸை இப்போது இறக்க வேண்டாம் என்றே சொல்வேன். மூச்சுத்துளை அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும்போது எந்தச் சீலும் நிற்காது. முதலில் அந்தத் துளையைச் சுத்தம் செய்து, முடிந்தால் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை ஓடைநீர் எட்டாத உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். பின் யோக் சீலை மாற்றுங்கள். இடைத்தண்டின் பூட்டுத்தகட்டைக் கழற்றி, பரப்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து, எண்ணெய் தாங்கும் சிலிக்கான் பசை தடவித் திரும்பப் பூட்டுங்கள். இரண்டு பெட்டிகளிலும் 80டபிள்யூ-90 எண்ணெயை மட்டத் திருகு வரை நிரப்புங்கள். ஜி.எல்.-4 வகையாக இருக்கட்டும், ஜி.எல்.-5 எண்ணெயில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள் கியர் பாக்ஸிலுள்ள பித்தளை வளையங்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

அப்புறம் அறுவடை வேலையில் ஓட்டிக்கொண்டே வாரந்தோறும் இரண்டு மட்டங்களையும் பாருங்கள். மறுபடியும் கியர் பாக்ஸில் எண்ணெய் ஏறினால் பின் பேரிங் போய்விட்டது என்று முடிவுசெய்து, வேலை ஓய்ந்த கோடையில் கேஸை இறக்கி, ஒரு பக்கம் சீல் வைத்த பேரிங்கைப் போடலாம். பழைய பேரிங்கின் முகத்தில் அடித்திருக்கும் எண்ணைப் படித்து, அதே அளவில் வாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்பர் கம்பை நியூட்ரலில் வைத்து, கியர் பாக்ஸை மூன்றாம் கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டால், டிரான்ஸ்பர் கேஸுக்குள் முதல் பல்சக்கரமும் இடைத்தண்டுப் பல்சக்கரமும் சுற்றும்; சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டுகள் சும்மா நிற்கும். அப்போது இரைச்சல் கேட்டால் ஊசி பேரிங்குகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். மிதி இறங்குகிறது என்பதைக் கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் எழுதியிருப்பேன். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தோற்றுப்போனால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அஞ்செட்டி இறக்கத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு இந்த நிலையில் வராதீர்கள். தொப்பூர்ப் பக்கம் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கீழிருந்து போராட வேண்டியதில்லை. மிதியைச் சுற்றியுள்ள தளத்தகட்டின் திருகுகளைக் கழற்றித் தகட்டையே எடுத்துவிடுங்கள். திருகுகள் துருவேறிச் சுற்றினால் தலையை அறுத்துவிட்டு, பிறகு புதிய திருகு போட்டுக்கொள்ளலாம். சிலிண்டரை இடத்தில் வைத்தே கிட் மாற்றுவதைவிட, குழாயை அவிழ்த்து வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பார்ப்பது நல்லது. உட்சுவரில் துருப்பள்ளம் இருந்தால் புதிய கப்பையும் அது கிழித்துவிடும். அப்போது சிலிண்டருக்குள் உறை போட்டு வாங்க வேண்டும். திரும்பப் பூட்டிய பின் மிதியில் அரை அங்குலம் அளவுக்குச் சும்மா போகும் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடியே இருந்து, ஓட ஓட பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும்.

அஞ்செட்டி ராகிக்காடு:

புரிந்தது ஐயா. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன். தளத்தகட்டின் திருகுகளில் இரண்டு வந்துவிட்டன, மற்றவற்றுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். சிலிண்டர் வெளியே வந்ததும் உட்சுவரின் படத்தை இங்கே போடுகிறேன். உறை போட வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்:

படம் எடுப்பதற்கு முன் உட்சுவரை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அங்கே படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பள்ளத்தின் ஆழம் அப்படியே தெரிந்தால்தான் என்னால் சொல்ல முடியும்.